எல்லாச் செயற்கூறுகளையும் இன்லைன் செய்தால் நிரல் வேகமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நாம் எழுதும் நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நிரலாக்கத்தின் உள்வேலைகளைத் தமிழில் எழுத முன்வருகிறவர்கள் குறைவு என்பதால் அந்த முயற்சியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. கட்டுரையின் பெரும்பகுதியில் எனக்கு மாறுபாடும் இல்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதியில், செயற்கூறுகளை (ஒரு வேலைக்கென்று தனியே பெயரிட்டு எழுதிய நிரல்பகுதிகளை) அழைப்பது செலவு மிகுந்த வேலை என்றும், அந்த அழைப்புகளை ஒழித்துக்கட்டுவதுதான் இன்லைனிங் என்றும், ஆகவே மாணவர்கள் தாங்கள் எழுதும் ஒவ்வொரு செயற்கூறையும் கட்டாயம் இன்லைன் செய்யும்படி கம்பைலருக்கு ஆணையிட்டு, நிரலை வேகப்படுத்தக் கம்பைலர் எவ்வளவு முயல வேண்டும் என்று சொல்லும் மேம்படுத்தல் நிலையை ஓ-3 என்ற உயர்நிலையில் வைத்துவிட்டால் நிரல் தானாகவே வேகமெடுக்கும் என்றும் அறிவுரை கூறப்பட்டிருக்கிறது. இதை அப்படியே பின்பற்றினால் பல நிரல்களில் ஒரு மாற்றமும் தெரியாது. சில நிரல்கள் முன்பைவிட மெதுவாகிவிடும். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்பில் சி++ படிக்கும்போதே இன்லைன் செயற்கூறு என்ற பெயரை மாணவர்கள் கேட்டுவிடுகிறார்கள். அந்த வயதில் பதிந்த பாடம் வேலைக்குப் போன பின்பும் கூடவே வரும் என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவியின் முதற்சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பாடுகிறவர் மேலே போய்ப் பல்லவியைப் பாடிவிட்டு அடுத்த சரணத்துக்கு வருவார். செயற்கூறு அழைப்பு என்பது அதுதான். அந்த இடங்களிலெல்லாம் பல்லவியை முழுவதுமாக அச்சிட்டுவிட்டால் கண் மேலே போய்த் திரும்ப வேண்டியதில்லை, ஆனால் புத்தகம் தடித்துவிடும். அழைக்கப்படும் செயற்கூறின் உடலை அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் படியெடுத்து வைப்பதற்குப் பெயர் இன்லைனிங். ஐபிஎம் நிறுவனத்தில் பிரான்சிஸ் ஆலனும் ஜான் காக்கும் 1970களின் தொடக்கத்தில் தொகுத்த மேம்படுத்தல் முறைகளின் பட்டியலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. புதிய உத்தி ஒன்றுமில்லை.

அழைப்பின் செலவைப் பற்றிக் கட்டுரை சொல்வது பழைய கணக்கு. இன்றைய எக்ஸ்86-64 செயலிகளில் ஒரு நேரடி அழைப்புக் கட்டளையின் நீளம் 5 பைட். எங்கே போக வேண்டும் என்பது கட்டளைக்குள்ளேயே இருக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் செயலி தனக்குள் ஒரு சிறு அடுக்கில் குறித்துக்கொண்டு முன்கூட்டியே கணித்துவிடுகிறது. ஆகவே அழைப்பும் திரும்புதலும் பெரும்பாலும் ஒரு சில கடிகாரச் சுற்றுகளுக்குள் (செயலியின் துடிப்புகளுக்குள்) முடிந்துவிடும். அழைப்பு என்றாலே பெருஞ்செலவு என்ற எண்ணம், வேக்ஸ் போன்ற பழைய கணினிகளில் அழைப்புக்கென்றே இருந்த கனமான கட்டளைகளின் காலத்தில் வேரூன்றியது. வேக்ஸ் அறிமுகமான அதே 1977ஆம் ஆண்டில், கம்பைலர்கள் அழைப்பை மோசமாக எழுதுவதால் வந்த கெட்டபெயரே இது, அழைப்பின் இயல்பு இதுவல்ல என்று கை ஸ்டீல் என்ற கணினியியலாளர் வாதிட்டிருக்கிறார். எங்கே போக வேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியவரும் மறைமுக அழைப்புகள் மட்டும் வேறு கதை. 2018இல் செயலிகளின் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டு, அதைத் தடுக்க ரெட்போலைன் என்ற ஏற்பாடு வந்தபின் அவற்றின் விலை உண்மையாகவே ஏறியது.

அப்படியானால் இன்லைனிங்கால் கிடைக்கும் லாபம் எங்கிருந்து வருகிறது? அழைக்கும் இடத்தில் கம்பைலருக்குத் தெரிந்த செய்திகள், அழைக்கப்படும் உடலுக்குள்ளும் புகுந்துவிடுவதிலிருந்து. ஒரு மதிப்பு மாறிலி என்று தெரிந்தால் அதைச் சார்ந்த நிபந்தனைகள் கம்பைல் செய்யும்போதே தீர்ந்துவிடும், அடையவே முடியாத கிளைகள் விழுந்துவிடும், பத்து வரிச் செயற்கூறு சில சமயம் ஒரே கட்டளையாகச் சுருங்கிவிடும். வரிசைப்படுத்தும் செயற்கூறுகளையே பாருங்கள். சி மொழியின் க்யூசார்ட் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு சுட்டி (நினைவக முகவரி) வழியே செயற்கூறை அழைக்கிறது. சி++ மொழியின் சார்ட், ஒப்பிடும் செயற்கூறைத் தன் உடலுக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. எண்களை வரிசைப்படுத்தும்போது பின்னது முந்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். ரஸ்ட் மொழியில் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர்கள் இன்லைனிங் இல்லாவிட்டால் யாரும் பயன்படுத்தவே முடியாத அளவுக்கு மெதுவாகிவிடும். இன்லைனிங் கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். உடலை இழுத்து வந்த பிறகு அது சுருங்க வேண்டும்; சுருங்காத உடலை இழுத்து வருவதில்தான் நட்டம் தொடங்குகிறது.

நட்டத்தின் முதல் வழி கட்டளை கேஷ், அதாவது ஓட வேண்டிய கட்டளைகளைச் செயலி தன் அருகிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகம். ஒரு செயற்கூறின் உடல் 200 பைட் என்றும், நிரலில் 30 இடங்களிலிருந்து அது அழைக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அழைப்பாகவே விட்டுவைத்தால் உடலுக்கு 200, அழைப்புக் கட்டளைகளுக்கு 150, ஆக 350 பைட். முப்பது இடங்களிலும் படியெடுத்தால் 6,000 பைட். இன்டெலின் கோர் வகைச் செயலிகள் பெரும்பாலானவற்றில், ஒவ்வொரு கோருக்கும் (செயலிக்குள் தனித்தியங்கும் பிரிவுக்கும்) மிக அருகில் உள்ள எல்-1 கட்டளை கேஷின் அளவு 32 கிலோபைட்; 64 பைட் கொண்ட வரிகளாக எண்ணினால் 512 வரிகள். முன்பு ஆறு வரிகளில் அடங்கிய வேலைக்கு இப்போது 94 வரிகள் தேவைப்படுகின்றன, அதாவது கேஷில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இடம். இது ஒரே ஒரு செயற்கூறின் கணக்கு. இடம் போதாமல் வெளியே தள்ளப்பட்ட வரி மீண்டும் தேவைப்படும்போது அடுத்த நிலைக் கேஷிலிருந்து வர பத்துப் பதினைந்து சுற்றுகளும், நினைவகத்திலிருந்தே வர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான சுற்றுகளும் ஆகும். ஒரு சில சுற்றுகளை மிச்சப்படுத்தப் போய் இந்த விலை கொடுக்க நேர்கிறது.

இந்த நட்டம் சிறு சோதனைகளில் கண்ணில் படாது என்பதுதான் இதில் மிகவும் ஏமாற்றும் அம்சம். செயற்கூறைத் தனியே எடுத்து ஒரு லூப்புக்குள் பல லட்சம் முறை ஓட்டிப் பார்த்தால், அந்த லூப் முழுவதும் கேஷுக்குள் வசதியாக அடங்கிவிடும். வேறு எந்த நிரல்பகுதியும் இடத்துக்குப் போட்டியிடாது. இன்லைன் செய்த வடிவமே வெல்லும். அதே செயற்கூறு, ஒரு தரவுத்தளத்துக்குள்ளோ வலைச் சேவையகத்துக்குள்ளோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் மெகாபைட் கணக்கான நிரலைக் கடந்து ஓடும்போது கணக்கு தலைகீழாகலாம். இதிலும் செயலிக்குச் செயலி வேறுபாடு உண்டு. ஆப்பிளின் எம்-1 செயலியில் வேகக் கோர்களின் கட்டளை கேஷ் 192 கிலோபைட். அதில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தவர், 32 கிலோபைட் கொண்ட சேவையகத்தில் அதே முடிவை எதிர்பார்க்க முடியாது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களுக்கான நடைவிதி ஆவணத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது; இன்லைன் பழக்கத்தை அது நோய் என்றே அழைக்கிறது. மூன்று வரிக்கு மேற்பட்ட செயற்கூறுகளுக்கு இன்லைன் போடாதீர்கள் என்பது அதில் உள்ள நடைமுறை விதி. நிரல் பெருத்தால் கேஷ் நெருக்கடி வரும் என்பதோடு நிற்காமல், நிரல் பிடித்துக்கொண்ட இடத்தால் வன்தட்டின் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கக் கேஷுக்கு இடம் குறைந்து ஒரு முறை வன்தட்டைத் தேடிப் போக நேர்ந்தால் அதற்கே 5 மில்லிவினாடி ஆகிவிடும் என்றும், அந்த நேரத்துக்குள் எத்தனையோ கடிகாரச் சுற்றுகள் அடங்கும் என்றும் அது நினைவூட்டுகிறது. விதிக்கு ஒரு விலக்கும் உண்டு: அளிக்கப்படும் மதிப்பு கம்பைல் செய்யும்போதே மாறிலி என்று தெரிந்து, அதனால் உடலின் பெரும்பகுதி உதிர்ந்துவிடுமானால் பெரிய செயற்கூறையும் இன்லைன் செய்யலாம், நினைவகம் ஒதுக்கும் கேமாலக் அதற்கு எடுத்துக்காட்டு. தங்கள் கட்டுரையாளர் அந்த ஒரு பத்தியைப் படித்திருந்தால் தம் அறிவுரையை இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி ரிஜிஸ்டர்களும் ஸ்டாக்கும். ரிஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் சிறு இடம்; ஸ்டாக் என்பது ஓடும் செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதி. எக்ஸ்86-64இல் பொதுப் பயனுக்கான ரிஜிஸ்டர்கள் 16 மட்டுமே. லினக்ஸில் பின்பற்றப்படும் அழைப்பு மரபின்படி அவற்றுள் ஆறு, பயன்படுத்துகிற செயற்கூறே முதலில் பத்திரப்படுத்திவிட்டுக் கடைசியில் மீட்டுத் தர வேண்டியவை. இப்போது ஒரு சிறிய, அடிக்கடி ஓடும் செயற்கூறை எண்ணிப் பாருங்கள்: ஒரு நிபந்தனையைச் சோதிக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை உடனே திரும்பிவிடுகிறது, எப்போதோ ஒரு முறை பிழைச்செய்தி தயாரிக்கும் நீண்ட செயற்கூறை அழைக்கிறது. அந்த நீண்ட உடலை உள்ளே இழுத்துவிட்டால் அதற்கு ஆறு ரிஜிஸ்டர்களும் தேவைப்படுகின்றன. கம்பைலர் அவற்றைச் செயற்கூறின் வாசலிலேயே ஸ்டாக்கில் தள்ளிவைக்கிறது. விளைவாக, பிழையே இல்லாத தொண்ணூற்றொன்பது முறையும் ஆறு முறை தள்ளி ஆறு முறை எடுக்கும் வேலை சேர்ந்துகொள்கிறது. தள்ளிவைக்கும் வேலையைத் தேவைப்படும் கிளைக்குள் மட்டும் நகர்த்தும் உத்தி இன்றைய கம்பைலர்களிடம் இருந்தாலும், எல்லா இடத்திலும் அது பலிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் சேவையக நிரலில், பதிவேட்டில் பிழை எழுதும் செயற்கூறுக்கு முன்னால் யாரோ ‘ஆல்வேஸ் இன்லைன்’ போட்டு வைத்திருந்தார்கள். உள்வரும் செய்தியைப் பகுக்கும் லூப்பின் நடுவே, ஓடவே ஓடாத எழுத்துக்கோவைத் தயாரிப்பு வேலைகள் பக்கம் பக்கமாகக் கிடந்ததை மெஷின் கட்டளைகளில் பார்க்க முடிந்தது. அந்த ஆணையை ‘நோ இன்லைன்’ என்று மாற்றியதும் லூப் கண்கூடாகச் சிறுத்தது, வேகமும் திரும்பியது.

ஸ்டாக் பெருப்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு கோ மொழியிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21இல், ஓடும் நிரலிலிருந்து திரட்டிய அளவீடுகளைக் கொண்டு எதை இன்லைன் செய்வது என்று முடிவெடுக்கும் வசதி முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. நல்ல வசதி, ஆனால் கணினிகள் வலைவழியே ஒன்றோடொன்று பேச உதவும் ஜிஆர்பிசி நிரல் நூலகத்தில் அது எதிர்பாராத இடத்தில் கைவைத்தது. தரவை அனுப்பும் ஒரு செயற்கூறு தன் ஸ்டாக்கில் 16 கிலோபைட் தற்காலிக இடம் வைத்துக்கொள்கிறது. வேலை முடிந்து திரும்பியதும் அந்த இடம் விடுபட்டுவிடும் என்பதால் அதுவரை யாருக்கும் தொல்லை இல்லை. புதிய கணக்கின்படி அது அடிக்கடி ஓடுவது என்று தெரிந்ததால், அழைக்கும் செயற்கூறுக்குள் மூன்று இடங்களில் இன்லைன் ஆனது. மூன்று படிகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டதால், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் எப்போதும் உயிரோடு இருக்கும் ஒரு கோரூட்டீனின் (கோ மொழியில் இணையாக ஓடும் சிறு பணியின்) ஸ்டாக்கில் 48 கிலோபைட் நிலையாக ஏறி உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ள சேவையகத்தில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே பாதிக்கப்பட்டது முதன்மையாக நினைவகமே தவிர வேகம் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெர்னலிலும் இதே கவலை பழையது. ஸ்டாக் பெருக்காமல் இருப்பதற்காகவே இன்லைன் செய்யாதே என்று காரணத்தையும் பெயரிலேயே தாங்கிய ஒரு குறியை அங்கே பல செயற்கூறுகளின் தலையில் காணலாம்.

மூன்றாவது வழியைத்தான் கட்டுரையாளரும் வாசகர்களும் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேஷும் ரிஜிஸ்டரும் போதாமல் போவது யாரும் ஊகிக்கக்கூடிய காரணம். இன்லைன் செய்வதால் கம்பைலருக்குத் தெரிந்திருந்த ஒரு செய்தி தொலைந்துபோவது அப்படியல்ல.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் கூப்பர், மேரி ஹால், லிண்டா டார்சன் மூவரும், விற்பனையில் இருந்த ஃபோர்ட்ரான் கம்பைலர்களைக் கொண்டு இன்லைனிங்கின் பயனை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நிரல்களுள் ஒன்று லின்பேக். நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பது, மீத்திறன் கணினிகளின் வேகத்தை ஒப்பிடப் பயன்படும் சோதனையின் மூல வடிவம். எம்ஐபிஎஸ் செயலி கொண்ட கணினியில் அழைப்புகளை ஒழித்த பிறகு அது வேகமெடுப்பதற்குப் பதிலாக மெதுவாகிவிட்டது. இதன் காரணத்தைத் தேடிப் போன கதையை 1992இல் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

லின்பேக்கின் நேரமெல்லாம் கழிவது டேக்ஸ்பி என்ற சின்னஞ்சிறு செயற்கூறில். ஒரு வரிசை எண்களை ஒரு மாறிலியால் பெருக்கி இன்னொரு வரிசையோடு கூட்டுவது மட்டுமே அதன் வேலை; நான்கு நான்கு உறுப்புகளாகக் கையாளும்படி அதன் லூப் கையாலேயே விரித்து எழுதப்பட்டிருக்கிறது. அதை அழைப்பது டிஜேஃபா என்ற செயற்கூறு; ஒரே மேட்ரிக்ஸின் இரண்டு நெடுவரிசைகளை, ஒன்றைப் படிக்கவும் மற்றொன்றைத் திருத்தவும், டேக்ஸ்பியிடம் கொடுக்கிறது. இங்கே ஃபோர்ட்ரான் மொழியின் ஒரு விதி குறுக்கிடுகிறது. செயற்கூறுக்குத் தரப்படும் இரண்டு அரேக்களுள் (மதிப்புகளின் வரிசைகளுள்) ஒன்றில் எழுதப்படுமானால், அவை இரண்டும் நினைவகத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது. விழாமல் பார்த்துக்கொள்வது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. கம்பைலர் அதை நம்பலாம். நம்புவதால், இப்போதைய உறுப்பை எழுதி முடிப்பதற்கு முன்பே அடுத்த உறுப்பைப் படிக்கத் தொடங்கிவிடலாம். பெருக்கலும் கூட்டலும் ஒன்றோடொன்று மேற்படிந்து ஓடும். கணக்கீட்டு அலகு சும்மா நிற்காது.

டேக்ஸ்பியின் உடல் டிஜேஃபாவுக்குள் வந்ததும் அந்த இரண்டு அளபுருக்களும் (தரப்பட்ட அரேக்களுக்கு டேக்ஸ்பிக்குள் இருந்த தனித்தனிப் பெயர்களும்) மறைந்துவிடுகின்றன. கம்பைலரின் கண்ணில் தெரிவது ஒரே மேட்ரிக்ஸ், அதில் இரண்டு நெடுவரிசை எண்கள். அந்த எண்கள் இரண்டும் ஒருபோதும் சமமாகாது என்று லூப்பின் எல்லைகளைப் பார்த்து மனிதர் சொல்லிவிடலாம்; அன்றைய கம்பைலரால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க முடியாதபோது, எழுதிய இடத்திலிருந்தே அடுத்துப் படிக்க நேரலாம் என்று அஞ்சி, ஒவ்வொரு எழுதலும் முடியும்வரை அடுத்த படித்தலைத் தள்ளிப்போட வேண்டும். தசம எண்களைக் கணக்கிடும் மிதவைப்புள்ளி அலகு காத்துக்கொண்டு நின்றது. அழைப்புகளை ஒழித்ததால் மிச்சமான நேரமெல்லாம் அந்தக் காத்திருப்பில் கரைந்து, அதற்கு மேலும் போய்விட்டது. செயற்கூறின் எல்லைக்கோடு வெறும் செலவல்ல, அது கம்பைலருக்கு ஒரு வாக்குமூலமாகவும் இருந்தது என்பது அதை அழித்த பிறகுதான் தெரியவந்தது.

இது முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை, இன்று தீர்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். சி மொழியில் 1999இல் வந்த ரெஸ்ட்ரிக்ட் குறி, ஒன்றின்மேல் ஒன்று விழாது என்ற இதே வாக்குமூலத்தைத்தான் தருகிறது. செயற்கூறு இன்லைன் ஆனபின்னும் அது தொலையாமல் இருக்க, எல்எல்விஎம் கம்பைலர் தனியாக ஒரு குறிப்பை ஒவ்வொரு படித்தலோடும் எழுதலோடும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ரஸ்ட் மொழியில் மாற்றத்தக்க குறிப்பீடுகள் (மதிப்பைத் திருத்த இடம்தரும் முகவரிகள்) எல்லாவற்றுக்கும் இந்த வாக்குமூலம் இயல்பாகவே உண்டு. ஆனால் இன்லைன் ஆன உடலோடு வந்த அந்தக் குறிப்பை எல்எல்விஎம் லூப்பை விரிக்கும்போது தவறாகக் கையாண்டு பிழையான விடை தந்ததால், ரஸ்ட் குழுவினர் அதைப் பல ஆண்டுகள் அணைத்தே வைத்திருக்க நேர்ந்து, 2021 ஜூலையில் வந்த 1.54 பதிப்பில்தான் மீண்டும் இயக்கினார்கள்.

இத்தனை வழிகளில் நட்டம் வரக்கூடுமென்றால் கம்பைலர் எதை வைத்து முடிவெடுக்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் உடலின் அளவை வைத்துத்தான். எல்எல்விஎம்மில் வழக்கமான வரம்பு 225 புள்ளி. கோ கம்பைலரில் 80, அடிக்கடி ஓடுவது என்று அளவீடு சொன்னால் 2,000. ஜாவா நிரல்களை இயக்கும் ஹாட்ஸ்பாட்டில் சாதாரண மெத்தடுக்கு (ஜாவாவில் செயற்கூறின் பெயர்) 35 பைட் பைட்கோடு, சூடாக, அதாவது அடிக்கடி ஓடுவதற்கு 325. இவை இயற்கை விதிகள் அல்ல, பல நிரல்களை ஓட்டிப் பார்த்து வகுத்துக்கொண்ட உத்தேச எண்கள். எதை எதற்குள் இழுத்தால் மிகுந்த லாபம் என்பதைச் சரியாகக் கணக்கிடுவது மிகக் கடினமான சிக்கல் என்று ராபர்ட் ஷைஃப்லர் 1977லேயே காட்டிவிட்டதால், உத்தேசத்தைத் தவிர வேறு வழியும் இல்லை. சில உத்தேசங்கள் வேடிக்கையானவை. குரோம் உலாவியின் வி8 எந்திரத்தில் முன்பு இருந்த கிராங்க்ஷாஃப்ட், செயற்கூறின் மூல எழுத்துகள் 600க்கு மேல் போனால் இன்லைன் செய்யாது. விளக்கக் குறிப்புகளும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். நான்கு வரி விளக்கம் எழுதிய ஒழுக்கமான நிரலாளருக்குக் கிடைத்த பரிசு மெதுவான நிரல்.

அளவை வைத்து முடிவெடுப்பதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அ என்ற செயற்கூறின் சூடான லூப்புக்குள் ஆ அழைக்கப்படுகிறது, ஆவுக்குள் இ அழைக்கப்படுகிறது என்று கொள்வோம். கம்பைலர் கீழிருந்து மேலே வருவதால் முதலில் இயை ஆவுக்குள் இழுக்கும். அதனால் ஆ பெருத்து வரம்பைத் தாண்டிவிட்டால், மிகவும் தேவைப்பட்ட இடமான அவின் லூப்புக்குள் ஆ போக முடியாது. இயை விட்டுவைத்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். ஆவில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் நிரல் திடீரென்று மெதுவாகிவிட்டது என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கும். கோ கம்பைலரிடம் விளக்கம் கேட்டால், இந்தச் செயற்கூறின் விலை 84, வரம்போ 80, எனவே இன்லைன் செய்ய முடியாது என்று எண்களோடு சொல்லிவிடும். மற்ற கம்பைலர்களிலும் இத்தகைய அறிக்கையைக் கேட்டுப் பெறும் வசதி உண்டு, கேட்பவர்கள்தாம் குறைவு.

ஓ-3 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் 2013இல், நிரலின் பகுதிகள் நினைவகத்தில் அமரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கலைத்துப்போட்டு வேகத்தை அளக்கும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். இடம் மாறுவதால் மட்டுமே வரும் ஏற்ற இறக்கத்தை இவ்வாறு விலக்கிப் பார்த்தபோது, எல்எல்விஎம்மில் ஓ-2ஐவிட ஓ-3 தரும் ஆதாயத்தைத் தற்செயலான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. அதற்கு நான்கு ஆண்டு முன்பு மிட்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும், இயக்கச் சூழலில் உள்ள மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே நிரலின் வேகம் மாறிவிடுவதைக் காட்டியிருந்தார்கள். ஒரு முறை ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்து, இன்லைன் வென்றது என்று எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

மாணவர்களுக்கு வழி என்ன என்றால், நான் முதலில் சுட்டுவது கோ மொழியின் மியூடெக்ஸ் பூட்டை, அதாவது ஒரு தரவை ஒரே சமயத்தில் ஒரு பணி மட்டும் கையாளும்படி காக்கும் ஏற்பாட்டை. 2019இல் வந்த 1.13 பதிப்பில், பூட்டு காலியாக இருக்கும்போது உடனே எடுத்துக்கொள்ளும் சிறு பகுதியையும், காத்திருக்க நேரும்போது ஓடும் நீண்ட பகுதியையும் இரண்டு செயற்கூறுகளாகப் பிரித்தார்கள். சிறியது வரம்புக்குள் அடங்கி எல்லா இடத்திலும் இன்லைன் ஆகிறது, நீண்டது வெளியே அழைப்பாகவே நிற்கிறது. போட்டியில்லாத வேளைகளில் பூட்டுகள் 10 விழுக்காடு வரையும், இதே முறையில் பிரிக்கப்பட்ட, ஒரு வேலையை ஒரே ஒரு முறை மட்டும் ஓடவைக்கும் ஒன்ஸ் இரண்டு மடங்கும் வேகமாயின. எல்லாவற்றையும் உள்ளே இழுக்காமல், சூடான பகுதியை மட்டும் உள்ளே விட்டு ஆறிய பகுதியை வெளியே நிறுத்தியதால் வந்த பயன் இது. இதற்கு மேலே போக விரும்புகிறவர்கள் ஓடும் நிரலின் அளவீடுகளைக் கம்பைலருக்கு ஊட்டலாம். ஃபேஸ்புக் உருவாக்கிய போல்ட் போன்ற கருவிகள், இணைத்து முடித்த நிரலில்கூடச் சூடான பகுதிகளை அருகருகே நகர்த்தி, தரவு மையப் பயன்பாடுகளில் 7 விழுக்காடு வரை கூடுதல் வேகம் தந்திருக்கின்றன. கட்டளை கேஷுக்காக எவ்வளவு நேரம் வீணாகிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

கடைசியாக, கட்டுரையில் வர்க்கம் காணும் செயற்கூறை வைத்துத் தரப்பட்டிருக்கும் ஒப்பீட்டில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இன்லைன் இல்லாத வடிவத்தை மேம்படுத்தல் எதுவுமின்றியும், இன்லைன் போட்ட வடிவத்தை ஓ-3இலும் கம்பைல் செய்து நேரத்தை ஒப்பிட்டிருக்கிறார்கள். அங்கே தெரியும் வேறுபாடு மேம்படுத்தல் நிலையால் வந்தது, முன்னால் போட்ட ‘இன்லைன்’ என்ற சொல்லால் வந்ததல்ல. மேம்படுத்தல் இல்லாதபோது ஜிசிசி கம்பைலர் அந்தச் சொல்லைப் பொருட்படுத்துவதே இல்லை. ஓ-2இலோ, அவ்வளவு சிறிய செயற்கூறைச் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு வடிவங்களையும் ஓ-2இலேயே கம்பைல் செய்து, கிடைக்கும் மெஷின் கட்டளைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் வேறுபாடு இருக்காது என்பதே என் எதிர்பார்ப்பு.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.